மாணவ வீரரும் மாதிரிக் குப்பியும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஊக்கமருந்துச் சோதனையும் கல்வியும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது, என்.சி.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதில் உறுப்பு; அவற்றுக்காக ஆடும் மாணவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வோர் ஆண்டும் சீசன் தொடங்குமுன் இவர்கள் எல்லோரும் ஒரு படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள்: சங்கம் கேட்கும்போது ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் தரச் சம்மதம். கையெழுத்து போடாதவருக்குக் களத்தில் இடமில்லை. தடைசெய்யப்பட்ட மருந்துகள் எவை என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும் கடமையும் ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது. சோதனை, கல்வி ஆகிய இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பகுதிகளாகவே பேசப்பட்டு வந்திருக்கின்றன. ஆனால் சோதனை காப்பது போட்டியை; கல்வி காக்க வேண்டியது மாணவரை. நாற்பது ஆண்டுகளாக எழுந்த சிக்கல்களில் பல, ஒன்றின் வேலையை மற்றதிடம் ஒப்படைத்ததால் வந்தவை.

சோதனை கல்லூரிக்குள் நுழைந்த காலம் 1980களின் நடுப்பகுதி. 1983 ஆகஸ்டில் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் அதுவரை இல்லாத நுட்பமான ஆய்வு முறை கொண்டுவரப்பட்டது. பதக்கம் வென்ற பளுதூக்குவோர் சிலர் சிக்கினர். செய்தி பரவியதும் அமெரிக்கத் தடகள அணியில் ஒரு டஜன் அளவு வீரர்கள் போட்டியிடாமலே ஊர் திரும்பினர். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக். அதற்கென 1982இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் டான் கேட்லின் என்ற மருத்துவர் அமைத்த ஆய்வகம், அமெரிக்க மண்ணில் ஸ்டீராய்டைக் கண்டறியும் வசதியைத் தந்தது. 1985இல் இரண்டு பல்கலைக்கழகங்கள் நீதிமன்றச் செய்திகளில் அடிபட்டன. வாண்டர்பில்ட்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு ஸ்டீராய்டு கைமாறியது தொடர்பான வழக்கு. கிளெம்சனில் தடகளப் பயிற்சியாளர்களே மருத்துவர் சீட்டில்லாமல் மாணவர்களுக்கு மருந்து கொடுத்த வழக்கு. அதே ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு, மாணவ வீரர்களின் மருந்துப் பழக்கம் பற்றிய முதல் கணக்கெடுப்பைச் சங்கம் நடத்தியது. 1986 ஜனவரியில் கூடிய சங்கத்தின் மாநாடு, சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' கால்பந்து ஆட்டங்களிலும் சோதனை நடத்த ஒப்புதல் தந்தது.

அந்த ஜூன் மாதம் நடந்த ஒரு மரணம் வரலாற்றின் வரிசையையே மக்கள் நினைவில் மாற்றிவிட்டது. மேரிலாந்துப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் லென் பயஸை ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணி, நாடு முழுவதற்குமான புது வீரர் தேர்வில் இரண்டாவது ஆளாக எடுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, விடுதி அறையில் கோகோயின் எடுத்ததைத் தொடர்ந்து இதயத் துடிப்பு தாறுமாறாகி அவர் இறந்தார். வயது 22. மேரிலாந்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி விலகினார், பயிற்சியாளர் லெஃப்டி டிரிசெல் பொறுப்பை விட்டார், அவ்வாண்டே அமெரிக்க நாடாளுமன்றம் போதைப்பொருள் குற்றங்களுக்குக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனையைக் கட்டாயமாக்கிய கடுமையான சட்டத்தை நிறைவேற்றியது. கல்லூரிச் சோதனை பயஸின் மரணத்தால் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். விதி ஜனவரியிலேயே வந்துவிட்டது, அதுவும் முதன்மையாக ஸ்டீராய்டை மனத்தில் வைத்து. பயஸின் மரணம் செய்தது வேறு: ஆட்டத்தில் ஏமாற்ற எடுக்கும் மருந்தையும் வாழ்க்கையில் தடுக்கி விழவைக்கும் போதையையும் ஒரே பட்டியலில், ஒரே தண்டனைக்குக் கீழ் வைப்பது இயல்பானது என்ற எண்ணத்தை ஊன்றியது. அந்தக் கட்டைப் பிரிக்கக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு ஆனது.

முதல் ஆண்டிலேயே பெரிய பெயர் ஒன்று மாட்டியது. ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்தின் தற்காப்பு வீரர் பிரையன் பாஸ்வொர்த், ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி 1987 ஜனவரி 1 ஆரஞ்சு பௌல் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் நின்ற அவர், என்.சி.ஏ.ஏ. என்ற நான்கு எழுத்துகளுக்கு 'வீரர்களுக்கு எதிரான தேசியக் கம்யூனிஸ்டுகள்' என்று விரிவு கொடுத்த பனியனைத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்குக் காட்டினார். மருந்தை மருத்துவர் தந்ததாகவே அவர் சொன்னார். சோதனைக்கு ஒரு பெரிய ஓட்டை இருப்பதும் உடனே புரிந்தது. ஸ்டீராய்டு வேலை செய்வது பயிற்சி மாதங்களில். சீசன் கடைசியில் நடக்கும் சோதனைக்கு முன் நிறுத்திவிட்டால் தடயம் கரைந்துவிடும். ஆகவே 1990 முதல், சங்கத்தின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றின் கால்பந்து, தடகள வீரர்களுக்கு ஆண்டு முழுவதும் சோதனை என்ற ஏற்பாடு வந்தது. மற்ற விளையாட்டுகளுக்குப் பிறகு விரிந்தது. 1999இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கப்பட்ட 'டிரக் ஃப்ரீ ஸ்போர்ட்' என்ற நிறுவனம் மாதிரி சேகரிப்பைச் சங்கத்துக்காக நடத்தத் தொடங்கியது. சங்கம் நேரடியாகக் கையில் வைத்திருந்த வேலை ஒப்பந்தத்துக்குப் போனது அப்போதுதான்.

மாதிரி சேகரிக்கும் அறையில் நடப்பது எளிய சடங்கு போலத் தெரியும், ஒவ்வோர் அடியும் ஏதோ ஒரு பழைய தில்லுமுல்லுக்குப் பதிலாக வந்தது. மாணவர் அடையாள அட்டையுடன் வர வேண்டும். முகம் தெரிந்த கல்லூரி ஊழியர் ஒருவரும் உடனிருந்து ஆளை உறுதிசெய்வார். உறையிட்ட குடுவைகளில் ஒன்றை மாணவரே தேர்ந்தெடுப்பார், ஏற்கெனவே எதையோ கலந்துவைத்தார்கள் என்று பின்னால் சொல்ல முடியாதபடி. கையைத் தண்ணீரில் மட்டும் கழுவ வேண்டும். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் சோப்போ வேறு பொடியோ மாதிரியைக் கெடுத்துவிடும். பிறகு அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க, குடுவையில் சிறுநீர் கழிக்க வேண்டும். பிறருடைய சிறுநீரைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தவர்கள் விளையாட்டு வரலாற்றில் உண்டு என்பதால் இந்த நேரடிப் பார்வை.

அதோடு விடுவதில்லை. சில துளிகளை ஒளிவிலகல் மானியில் வைத்து அடர்த்தி பார்க்கிறார்கள். ஒப்படர்த்தி 1.005க்குக் கீழே இருந்தால் அது நீர்த்துப்போன மாதிரி, கணக்கில் சேராது. தடயத்தைக் கரைக்க வேண்டுமென்றே நிறையத் தண்ணீர் குடித்தவரும், ஆட்டம் முடிந்த தாகத்தில் குடித்தவரும் இங்கே ஒன்றுதான். அடர்ந்த மாதிரி வரும்வரை அறையை விட்டுப் போக முடியாது. உறை பிரிக்காத, காஃபின் இல்லாத பானம் மட்டும் அனுமதி. தோற்ற அணியின் பேருந்து வெளியே காத்திருக்க, ஒருவர் மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது புதிதல்ல. தகுந்த மாதிரி கிடைத்ததும் அது 'ஏ', 'பி' என இரு குப்பிகளில் பிரிக்கப்பட்டு, எண்ணிட்டு முத்திரையிடப்படும். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் அல்ல. 'ஏ' குப்பியில் தடைமருந்து தெரிந்தால் 'பி'யைத் திறந்து மறுபடி பார்ப்பார்கள். அப்போது மாணவரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்கலாம்.

ஆய்வகத்தில் சிக்கலானது வெளியிலிருந்து வந்த மருந்தை உடலே சுரப்பதிலிருந்து பிரிப்பது. டெஸ்டோஸ்டிரோன் எல்லோர் உடலிலும் இருக்கிறது. அதை ஊசியாகப் போட்டுக்கொண்டவரைப் பிடிக்க, அதன் உடன்பிறப்பான எபிடெஸ்டோஸ்டிரோனுடன் ஒப்பிடுகிறார்கள். பொதுவாக இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஊசி போட்டால் முதலாவது மட்டும் ஏறும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா, 4க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டினால் மேலே ஆராயச் சொல்கிறது. இயல்பிலேயே விகிதம் உயர்ந்தவர்களும் உண்டு என்பதால், சந்தேகம் வந்தால் கார்பன் ஐசோடோப்புச் சோதனை. மருந்துத் தொழிற்சாலையில் டெஸ்டோஸ்டிரோன் செய்யப்படுவது பெரும்பாலும் சோயா போன்ற தாவரச் சேர்மங்களிலிருந்து. அதன் கார்பன்-13 அளவு மனித உடல் தானே செய்ததிலிருந்து சற்று மாறுபடும். அந்த நூலிழை வேறுபாடு ஒரு மாணவரின் ஓராண்டைத் தீர்மானிக்கிறது.

சட்டம் இதில் எளிதாக ஒத்துப்போகவில்லை. 1987இல் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழக டைவிங் வீராங்கனை சிமோன் லெவான்ட் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட மறுத்து வழக்குப் போட்டார். அவர் படிப்பை முடித்துப் போக, கால்பந்தாட்ட வீராங்கனை ஜெனிஃபர் ஹில்லும் அமெரிக்கக் கால்பந்து வீரர் பாரி மெக்கீவரும் வழக்கைத் தொடர்ந்தார்கள். கலிஃபோர்னிய அரசியல் சட்டத்தில் 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் சேர்க்கப்பட்ட அந்தரங்க உரிமைதான் அவர்களுடைய பிடி. மற்றவர் பார்க்கச் சிறுநீர் கழிக்கச் சொல்வது, மருத்துவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய மருந்துகளைப் பட்டியலிடச் சொல்வது இரண்டும் அந்த உரிமையை மீறுவதாக வாதிட்டார்கள். 1988இல் விசாரணை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களைச் சோதிக்கச் சங்கத்துக்குத் தடை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டு, நாடெங்கும் மற்றவர்கள் குடுவையோடு நிற்க, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு மட்டும் விலக்கு.

1994 ஜனவரியில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. அந்தரங்க உரிமை தனியார் அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் என்று அது ஒப்புக்கொண்டது. அது மாணவர்களுக்குக் கிடைத்த பாதி வெற்றி. ஆனால் உடற்பரிசோதனை, உடைமாற்றும் பொது அறை, பயிற்சியாளரின் கண்காணிப்பு என்று வாழும் விளையாட்டு வீரர், மற்றவர்கள் எதிர்பார்க்கும் அளவு அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்றது. சங்கத்தின் பக்கத்தில் இரண்டு நியாயங்களை நீதிமன்றம் ஏற்றது: போட்டியின் நேர்மை, வீரர்களின் உடல்நலமும் பாதுகாப்பும். நீதிபதி ஸ்டான்லி மோஸ்க் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இரண்டாவது நியாயத்தை நீதிமன்றம் இன்னும் கடுமையாக உரைத்துப் பார்த்திருக்கலாம். உடல்நலத்துக்காகத்தான் சோதனை என்றால், சிக்கியவரை அணியிலிருந்தும் அங்கிருக்கும் மருத்துவரிடமிருந்தும் தள்ளிவைக்கும் தண்டனை எந்த நலத்தைக் காக்கிறது என்பதற்குத் தீர்ப்பில் திருப்தியான விடை கிடைப்பதில்லை.

கொலராடோவில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. போல்டரிலுள்ள கொலராடோப் பல்கலைக்கழகம் 1984 முதல் தானே ஒரு சோதனைத் திட்டத்தை நடத்திவந்தது. டேவிட் டெர்டைன் என்ற நெடுந்தொலைவு ஓட்டக்காரர் தொடுத்த வழக்கில், 1993இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் திட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. சந்தேகமே இல்லாத ஒருவரைக் குலுக்கல் முறையில் சோதிப்பது, அரசின் நியாயமற்ற தேடுதலைத் தடுக்கும் நான்காவது திருத்தத்துக்கு முரண். கையெழுத்திடாவிட்டால் ஆட முடியாது என்று சொல்லி வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல என்றது. இரண்டு தீர்ப்புகளும் முட்டிக்கொள்வதுபோல் தோன்றக் காரணம் உண்டு. கொலராடோ அரசுப் பல்கலைக்கழகம், என்.சி.ஏ.ஏ. தனியார் சங்கம். சங்கம் அரசின் கை அல்ல என்று 1988இல், கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜெர்ரி டார்கேனியன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. 1995இல் ஓரிகன் மாநிலப் பள்ளி ஒன்றின் வழக்கில், பள்ளி வீரர்களைக் குலுக்கல் முறையில் சோதிக்கலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் சோதனைக்கு எதிரான சட்டப் போர் ஓய்ந்தது.

வழக்கில் வென்ற சோதனை எவ்வளவு பிடித்தது? சங்கம் நடத்திய சோதனைகளில் சிக்கியவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே பல ஆண்டுகள் இருந்தார்கள். மருந்து குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வலை பெரிது என்றும் கொள்ளலாம். 2012 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், பத்தாண்டுக் காலத்தில் ஆடிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிக் கால்பந்து வீரர்களின் எடைப் பதிவுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டது. ஒரே ஆண்டில் 20 பவுண்டுக்கு மேல் எடை கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 18 வயதுப் பையன் மூன்று வேளையும் விடுதியில் நன்றாகச் சாப்பிட்டு எடை தூக்கினால் உடம்பு ஏறும். எடை மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனாலும் அறிக்கை வேறு சிலவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சோதனைக்கு ஒருநாள், இரண்டு நாள் முன்பே கல்லூரிக்குத் தகவல் போய்விடுகிறது. கல்லூரிகள் தாமே நடத்தும் சோதனைகளில் பல, ஸ்டீராய்டைத் தேடுவதே இல்லை. கஞ்சா, கோகோயின் தேடும் சோதனை மலிவு, ஸ்டீராய்டுக்கு அதைப்போல் பல மடங்கு செலவு. போட்டியின் நேர்மைக்காக என்று தொடங்கிய ஏற்பாடு, காசு கணக்கில் நேர்மைக்குச் சம்பந்தமில்லாத பொருளைத் துரத்துவதில் முடிந்தது.

தண்டனை விதி சுருக்கமானது. ஊக்கமருந்துக்கு முதல்முறை சிக்கினால் 365 நாள் விலக்கு, நான்கு சீசன் தகுதியில் ஒன்று போய்விடும். இரண்டாம் முறை சிக்கினால் மிச்சமும் போகும். தடைப்பட்டியல் வேதியியல் வகைப்படி எழுதப்பட்டது: கிளர்வூட்டிகள், ஸ்டீராய்டு போன்ற உடல்வளர்ப்பு மருந்துகள், சிறுநீர்ப்பெருக்கிகள், பெப்டைடு ஹார்மோன்கள் என்று போகும். துப்பாக்கி சுடுதலில் மட்டும் பீட்டா தடுப்பான்களும் தடை. கை நடுக்கத்தை அடக்குவது அங்கேதான் ஆதாயம். காஃபினுக்கும் வரம்பு உண்டு, சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 15 மைக்ரோகிராம். போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் 500 மில்லிகிராம் காஃபின், அதாவது ஆறேழு கோப்பைக் காபி, உள்ளே போனால் வரம்பைத் தொடலாம். காபி குடித்து யாரும் அதை எட்டுவது அரிது. மாத்திரையும் 'எனர்ஜி' பானமும் சேர்ந்தால் எளிது. கவனக்குறைவுக் கோளாறுக்கு அடரால், ரிட்டலின் எடுக்கும் மாணவர்கள் மருத்துவ ஆவணம் காட்டி விலக்குப் பெறலாம். அந்த ஆவணத்தைக் கல்லூரியின் மருத்துவக் கோப்பில் முன்கூட்டியே சேர்த்துவைக்காதவர், சோதனையில் சிக்கியபிறகு ஓடித் திரிய வேண்டியதுதான்.

கல்லூரி வீரர்கள் சிக்கும் வழிகளில் சிக்கலானது உடற்பயிற்சிக்கூட வாசலிலுள்ள கடை. புரோட்டீன் பவுடர், 'ப்ரீ ஒர்க்அவுட்' பொடி, எடை குறைப்பு மாத்திரை என்று அடுக்கிவைத்திருக்கும் டப்பாக்களை அமெரிக்கச் சட்டம் மருந்தாகப் பார்ப்பதில்லை, உணவாகப் பார்க்கிறது. 1994இல் வந்த சத்துப்பொருள் சட்டப்படி, விற்பனைக்குமுன் அரசின் ஒப்புதல் வாங்கவேண்டியதில்லை; தீங்கு நேர்ந்தபின் அதை நிரூபிக்கும் சுமையும் பெருமளவு அரசின் தலையில்தான். ஜெர்மனியின் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழக ஆய்வகம் 2000–2001இல் 13 நாடுகளில் வாங்கிய 634 டப்பாக்களைச் சோதித்தது. 94இல், அதாவது நூற்றுக்குப் பதினைந்து வீதம், மேலட்டையில் குறிப்பிடாத ஸ்டீராய்டு இருந்தது. ஒரே இயந்திரத்தில் முன்னர் வேறு மருந்தைப் பொடித்த மிச்சம் ஒட்டியிருந்தாலும் போதும்.

எபெட்ரா என்னும் செடியின் சாறு அடங்கிய மாத்திரைகள் இதில் ஒரு தனி அத்தியாயம். 2001 ஆகஸ்ட் 3 அன்று, சிகாகோவையொட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் ரஷிதி வீலர் கடும் ஓட்டப்பயிற்சியின் நடுவே சரிந்து இறந்தார். ஆஸ்துமாவே காரணம் என்று பிரேதப் பரிசோதனை அதிகாரி முடிவு செய்தார். அவர் இரத்தத்தில் எபெட்ரின் இருந்ததைச் சுட்டிப் பல்கலைக்கழகம் வாதிட்டது. கடைசியில் குடும்பத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து வழக்கு முடிந்தது. 2004இல் எபெட்ரா சேர்ந்த சத்துப்பொருள்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடைசெய்தது. அதற்கு முன்பே சங்கம் தன் கையில் இருந்த ஒரு வழியை அடைத்திருந்தது: 2000ஆவது ஆண்டு முதல், தசை வளர்க்கும் சத்துப்பொருள் எதையும் கல்லூரி தன் செலவில் மாணவருக்குத் தரக்கூடாது, உப்புச்சத்துப் பானம், மாவுச்சத்து, வைட்டமின் போன்றவை மட்டும் தரலாம் என்று விதித்தது. விதியின் நோக்கம் நல்லது. பக்கவிளைவு, மாணவர் அதே டப்பாவைத் தன் காசில், யார் கண்ணிலும் படாமல், கடையிலோ இணையத்திலோ வாங்கத் தொடங்கியது.

2015 அக்டோபரில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழக அணியைத் தோல்வியே இல்லாமல் நடத்திவந்த குவார்ட்டர்பேக் வில் கிரியர், ஓராண்டு விலக்கப்பட்டார். கடையில் கிடைக்கும் ஒரு பொருளை மருத்துவ ஊழியரிடம் கேட்காமல் எடுத்துவிட்டதாகக் கண்ணீருடன் சொன்னார். பிறகு மேற்கு வர்ஜீனியாவுக்கு மாறி ஆடி, 2019இல் தொழில்முறை அணிக்குத் தேர்வானார். 2018 டிசம்பரில் கிளெம்சன் வீரர்கள் மூவரின் மாதிரியில் ஆஸ்டரின் துளி தெரிந்தது. ஸ்டீராய்டைப் போல் தசையில் வேலை செய்யும் இந்த மருந்துக்கு உணவு, மருந்து நிர்வாகம் எந்த நோய்க்கும் ஒப்புதல் தந்ததில்லை. அந்த மூவரில் டெக்ஸ்டர் லாரன்ஸ் சில மாதம் கழித்துத் தொழில்முறைத் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். ஆஸ்டரின் எப்படி உடலுக்குள் வந்தது என்று தெரியாது என்றே அவர் சொன்னார். விதி இதையெல்லாம் கேட்பதில்லை. உடலில் இருப்பதற்கு உடலுக்குரியவரே பொறுப்பு என்பது உலகெங்கும் ஊக்கமருந்துச் சட்டத்தின் அடித்தளம். நியாயமாகப் பார்த்தால் கடுமை. ஆனால் 'தெரியாமல் உள்ளே போயிற்று' என்பதை ஏற்றால் ஒருவரையும் தண்டிக்க முடியாது என்பதும் உண்மை.

இந்த இடத்தில்தான் கல்வி வேலை செய்திருக்க வேண்டும். நடைமுறையில் பல கல்லூரிகளில் அது ஆண்டுக்கு ஒரு கூட்டம். சீசன் தொடக்கத்தில் அணியை உட்காரவைத்து, பட்டியலை வாசித்து, காப்பீடு முதல் படிப்பு விவரம் வரை வேறு பத்துப் படிவங்களோடு இதிலும் கையெழுத்து வாங்குவது. மாணவர் நினைவில் நிற்பது தடை வகைகள் அல்ல, கேட்க வேண்டிய ஆள் யார் என்பதே. அந்த ஆள் பெரும்பாலும் அணியின் 'அத்லெடிக் ட்ரெய்னர்'. கணுக்காலுக்குக் கட்டுப் போடுபவரும் சத்துப்பொடி டப்பாவைத் திருப்பிப் பார்த்துச் சொல்பவரும் அவர்தான். பொருளின் பெயரைக் கொடுத்து விவரம் கேட்கும் இலவச விசாரணைச் சேவை ஒன்றையும் சங்கம் டிரக் ஃப்ரீ ஸ்போர்ட் வழியாக நடத்துகிறது. எந்தச் சத்துப்பொருளும் பாதுகாப்பானது என்று அந்தச் சேவை சான்று தருவதில்லை. ஆபத்தின் அளவை மட்டும் சொல்லும். கொலோன் ஆய்வுக்குப்பின் அதற்கு மேல் யாரும் பொறுப்புடன் சொல்ல முடியாது.

எந்தக் கல்வி பயன்தருகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் ஓரிகன் சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் லின் கோல்ட்பர்க், டயான் எலியட் குழுவிடமிருந்து வந்தன. அவை பள்ளி வீரர்களிடம் செய்தவை. ஆனால் கல்லூரிக்கு வருபவர்கள் அந்தப் பள்ளிகளிலிருந்துதான் வருகிறார்கள். ஸ்டீராய்டின் தீமையை மட்டும் சொல்லி மிரட்டுவது மாணவர் எண்ணத்தை அசைக்கவில்லை என்று அவர்கள் முதலில் கண்டார்கள். எடைக்கூடத்தில் நண்பனின் புஜம் பெருத்ததைக் கண்ணால் பார்த்தவனிடம் 'அது வேலை செய்யாது' என்றால், சொல்பவர்மீதே நம்பிக்கை போய்விடுகிறது. அதற்குப் பதிலாக அவர்கள் வடிவமைத்த 'அட்லஸ்' திட்டத்தில், மருந்து என்ன தரும், என்ன பறிக்கும் என்று இரண்டும் சொல்லப்பட்டன. மருந்தில்லாமல் தசை வளர்க்கச் சாப்பாடும் எடைப்பயிற்சியும் கற்றுத்தரப்பட்டன. பாடத்தின் பெரும்பகுதியைச் சக வீரர்களே சிறு குழுக்களில் நடத்தினர். 31 பள்ளி அணிகளின் 1,500 வீரர்கள் பங்கேற்ற ஆய்வு 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பாடம் கேட்ட அணிகளில் ஸ்டீராய்டு எடுக்கும் எண்ணம் குறைந்தது. உணவுப் பழக்கமும் மேம்பட்டது. பெண்களுக்கென 'அதீனா' என்ற திட்டம் பின்னால் வந்தது. அதில் தசைக்குப் பதிலாக உடல் மெலிவும் எடைகுறைப்பு மாத்திரையும் மையம்.

அதே குழு, சோதனையையும் தராசில் வைத்தது. ஓரிகனின் 11 பள்ளிகளில், ஒரு பகுதியில் குலுக்கல் சோதனை நடத்தியும் மறுபகுதியில் நடத்தாமலும் இரண்டு ஆண்டு ஒப்பிட்டார்கள். 2007இல் வெளியான முடிவில், கடந்த ஒரு மாதத்தில் போதைப்பொருள் எடுத்தீர்களா என்ற கேள்விக்கு இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கடந்த ஓராண்டுப் பழக்கம் சில கட்டங்களில் மட்டும் சோதனைப் பள்ளிகளில் குறைந்திருந்தது. சோதனைக்கு உட்பட்ட மாணவர்களிடம், பிற்காலத்தில் போதைக்குப் போகக்கூடிய சில மனநிலைகள் கூடியிருந்தன. சோதனையால் நன்மை உண்டு என்ற நம்பிக்கையும் அவர்களிடம் குறைந்திருந்தது. பள்ளிகள் குறைவு என்பது இந்த ஆய்வின் பலவீனம். ஆனாலும், சோதனை வைத்தாலே மாணவர் திருந்திவிடுவார் என்று விற்கப்பட்ட நம்பிக்கைக்கு இது கிடைத்த கடினமான பதில். ஒலிம்பிக் பதக்கத்துக்கு ஓடுபவரிடம் சோதனை அச்சம் வேலை செய்யலாம். வெள்ளிக்கிழமை இரவு விடுதியில் நண்பர் நீட்டுவதை மறுப்பதற்கு அந்த அச்சம் பெரிதாக உதவவில்லை.

கஞ்சா விஷயத்தில் சங்கம் இதைத் தானே ஒப்புக்கொள்ளும் நிலைக்குப் படிப்படியாக வந்தது. 2014இல் தெருப் போதைப்பொருளுக்கான தண்டனையை முழுச் சீசனிலிருந்து பாதிச் சீசனாகக் குறைத்தார்கள். 2022 பிப்ரவரியில், சோதனையில் சிக்குவதற்கான அளவை மில்லிலிட்டருக்கு 35 நானோகிராமிலிருந்து 150ஆக உயர்த்தினார்கள்; வாடாவின் அளவும் அதுவே. முதல்முறை சிக்குபவர் கல்லூரி வகுத்துத்தரும் கல்வி, கண்காணிப்புத் திட்டத்தை ஏற்றால் ஆட்டத் தகுதியை இழக்க வேண்டியதில்லை என்ற பரிந்துரையும் உடன் வந்தது. 2024 ஜூனில் டிவிஷன் ஒன்றின் நிர்வாகக் குழு, தடைப்பட்டியலிலிருந்தே கஞ்சாவை நீக்கியது. அதற்காக அப்போது விலக்கில் இருந்தவர்களின் தண்டனையும் நிறுத்தப்பட்டது. கஞ்சா ஆட்டத்தில் ஆதாயம் தருவதில்லை, சங்கத்தின் சோதனை போட்டியின் நேர்மைக்கானது, பழக்கத்தால் வரும் தீங்கைக் குறைப்பது கல்லூரிகளின் பொறுப்பு என்பது விளக்கம். 1986இல் ஒரே பட்டியலில் சேர்ந்தவை பிரிந்தன. இது கஞ்சாவுக்குக் கொடுத்த நற்சான்று அல்ல. வளரும் மூளைக்கு அது நல்லதல்ல என்ற மருத்துவக் கருத்தும் மாறவில்லை. கல்லூரிகள் தாமே நடத்தும் சோதனைகளில் அதைத் தேடலாம், பல தேடவும் செய்கின்றன.

பட்டியல் சுருங்கிய அதே ஆண்டுகளில் பணம் பெருகியது. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தப்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலருக்குமேல் நேரடியாகவே பகிரலாம். உதவித்தொகைக்கு ஆடிய காலத்தில் எழுதிய சோதனை விதிகள், சம்பளம்போல் பணம் வாங்கும் வீரர்களுக்கும் ஏறத்தாழ அப்படியே நீடிக்கின்றன.

உலக விதியோடு ஒப்பிட்டால் அவை மென்மையானவை. 1999இல் தொடங்கிய வாடாவின் சட்டத்தில் என்.சி.ஏ.ஏ. கையெழுத்திடவில்லை. வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்தவருக்கு வாடா விதிப்படி நான்காண்டுத் தடை, கல்லூரியில் ஓராண்டு. முன்னணிச் சர்வதேச வீரர் ஒவ்வொரு நாளும் தான் இருக்கப்போகும் இடத்தையும் சோதனைக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். கல்லூரி விதியில் அப்படியொரு சுமை இல்லை. கல்லூரிக்கும் நாட்டுக்கும் ஒருசேர ஆடுபவர் இரண்டு புத்தகங்களுக்கும் கட்டுப்பட்டவர். டெல்லியில் வளர்ந்த தமிழரான தேஜஸ்வின் சங்கர், கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018, 2022 ஆண்டுகளில் என்.சி.ஏ.ஏ. உயரம் தாண்டுதல் பட்டம் வென்றவர். 2022இல் காமன்வெல்த் விளையாட்டில் இந்தியாவுக்காக வெண்கலமும் வாங்கினார். அவரைப்போன்ற மாணவர்கள் சளி மாத்திரை வாங்கும்போதும் இரண்டு பட்டியல்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாடா சட்டத்தை ஏற்ற அமைப்பு ஒன்று ஒருவரைத் தடைசெய்தால், தடைக்காலம் முடியும்வரை கல்லூரிப் போட்டிகளிலும் அவர் ஆட முடியாது என்பது என்.சி.ஏ.ஏ. விதி. கல்லூரிச் சோதனையில் சிக்கியவருக்கு உலக அரங்கில் தானாகத் தடை விழுவதில்லை.